ரத்தத்தில் எம் புரதம்: சிகிச்சையும் சந்தையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘எம் புரதம் இருக்கிறது’ என்று வந்ததும், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அந்தப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்ப்பதுதான். மருத்துவ விளக்கங்களுக்கு நடுவே, ‘எம்.ஜி.யு.எஸ். சிகிச்சைச் சந்தை இத்தனை கோடி டாலராக வளரும்’ என்ற தலைப்புகளும் வந்து நிற்கும். இவ்வளவு பெரிய சந்தை இருக்கிறதென்றால், நமக்கு மட்டும் ஏன் டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுதவில்லை? அந்தச் சந்தேகத்தோடு வருகிறவர்களுக்காகவும், இந்தத் துறை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகவும் எழுதியது இது.

எம்.ஜி.யு.எஸ். என்றால் என்ன?

நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது அவற்றின் வேலை. ஆயிரக்கணக்கான வகைச் செல்கள் ஆயிரக்கணக்கான வகை ஆன்டிபாடிகளைச் செய்யும். சில சமயம் ஒரே ஒரு செல் மட்டும் தன்னைப் போலவே பல நகல்களை உண்டாக்கிக்கொண்டு, அத்தனையும் சேர்ந்து ஒரே அச்சில் வார்த்த புரதத்தை ரத்தத்தில் விட ஆரம்பிக்கும். அதுதான் எம் புரதம்.

இந்தப் புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்து, மஜ்ஜையில் அந்தச் செல்கள் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, எலும்பு, சிறுநீரகம், ரத்த அணுக்கள், கால்சியம் எதிலும் அதனால் பாதிப்பு இல்லையென்றால், அது எம்.ஜி.யு.எஸ். ‘மோனோகுளோனல் காமோபதி ஆஃப் அன்டிடெர்மின்ட் சிக்னிஃபிகன்ஸ்’ என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978இல் வைத்த பெயர் இது. ‘இதன் முக்கியத்துவம் இன்னும் தீர்மானமாகவில்லை’ என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்பு இதைத் ‘தீங்கற்றது’ என்று சொல்லிவந்தார்கள். சிலருக்குப் பிற்காலத்தில் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய் வருவதைப் பார்த்தபிறகு, தீங்கற்றது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் கைல் பெயரை மாற்றினார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு வரைபடம் இருக்கிறதே, அதை எப்படிப் பார்ப்பது?

அது புரத எலக்ட்ரோபோரசிஸ் என்ற பரிசோதனையின் படம். மின்சாரம் செலுத்தி ரத்தப் புரதங்களைப் பிரித்து வரிசையாக நிறுத்துகிறார்கள். இடது பக்கம் உயரமாக நிற்பது ஆல்புமின். அதை அடுத்துச் சின்னச் சின்ன மேடுகள். வலது கோடியில் இருப்பது காமா பகுதி, அதாவது ஆன்டிபாடிகள் இருக்கும் இடம். ஆரோக்கியமானவருக்கு அது தாழ்ந்து பரந்த ஒரு மேடாக இருக்கும். நீண்ட நாள் தொற்று இருந்தால் மேடு முழுவதும் உயரும், ஆனால் பரந்தேதான் இருக்கும். எம் புரதம் இருந்தால், அந்த மேட்டின் நடுவில் ஊசி நட்டதுபோல ஒடுக்கமான ஒரு முனை எழும்பும். அந்த முனை எந்த வகை ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்க இம்யூனோஃபிக்சேஷன் என்ற அடுத்த பரிசோதனை. ‘ஐ.ஜி.ஜி. கப்பா’ என்றோ ‘ஐ.ஜி.ஏ. லாம்டா’ என்றோ ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அதன் விடை.

இது புற்றுநோயா?

இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. மல்டிபிள் மைலோமா வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் அதற்கு முன்பு இந்த நிலை இருந்திருக்கிறது என்று 2009இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, எம்.ஜி.யு.எஸ். உள்ள எல்லோருக்கும் மைலோமா வரும் என்று படிக்கக் கூடாது. பயம் முழுக்க அந்தத் தலைகீழ் வாசிப்பிலிருந்துதான் வருகிறது.

சரி, எத்தனை பேருக்கு இது முற்றுகிறது?

ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டதும் ‘20 வருடத்தில் 20 சதவீதமா?’ என்று மனக்கணக்குப் போடுவார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எம்.ஜி.யு.எஸ். கண்டறியப்பட்ட 1384 பேரைக் கைல் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை அளவு 34 ஆண்டுகள். அத்தனை நீண்ட காலத்தில் மைலோமாவோ அதைச் சார்ந்த நோயோ வந்தவர்கள் 147 பேர், அதாவது 11 சதவீதம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இதயநோய், முதுமை, வேறு காரணங்களால் காலமானார்கள். எம் புரதம் அவர்களோடு கடைசிவரை இருந்தது, தொந்தரவு செய்யவில்லை.

எல்லோருக்கும் அதே ஆபத்தும் இல்லை. மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: எம் புரதம் 1.5 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா, அது ஐ.ஜி.ஜி. அல்லாத வகையா, ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியோடு சேராமல் ரத்தத்தில் தனியாகத் திரியும் அதன் சிறு துண்டுகள்; கப்பா, லாம்டா என்று இரண்டு வகை) விகிதம் மாறியிருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால், மற்றக் காரணங்களால் வரும் மரணத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 20 ஆண்டுகளில் முற்றும் வாய்ப்பு 2 சதவீதம். மூன்றும் இருந்தால் 27 சதவீதம். ‘எனக்கு எம்.ஜி.யு.எஸ்.’ என்ற ஒரே வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த மூன்றில் உங்களுக்கு எத்தனை என்பதுதான்.

இது அரிதான நோயா?

அரிதில்லை. 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இருக்கிறது. 70ஐத் தாண்டினால் 5 சதவீதத்துக்கும் மேல். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நெருங்கிய ரத்த உறவில் மைலோமா இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது.

இதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து எது?

எம்.ஜி.யு.எஸ்.ஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கண்காணிப்புதான் சிகிச்சைமுறை.

அப்படியென்றால் ‘சிகிச்சைச் சந்தை’ என்று அறிக்கைகள் எதைச் சொல்கின்றன?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லாத ஒரு நிலைக்கு மருந்துச் சந்தை எப்படி வரும்? அந்த அறிக்கைகளின் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும். பலவற்றில் நான்கு தனித்தனி விஷயங்களை ஒரே பைக்குள் போட்டுக் கட்டியிருப்பார்கள்.

முதலாவது, கண்டறியும் பரிசோதனைகள். இரண்டாவது, எம்.ஜி.யு.எஸ்.ஸுக்கு அடுத்த படியான ஸ்மோல்டரிங் மைலோமாவுக்குத் தரும் மருந்துகள். மூன்றாவது, எம் புரதத்தால் சிறுநீரகம், நரம்பு போன்றவை பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் சிகிச்சை. நான்காவது, எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் மருந்துகள். எம்.ஜி.யு.எஸ். உள்ளவர்களுக்கு எலும்பு முறிவு சற்று அதிகம் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் சில அறிக்கைகள் முழு மைலோமாவின் விற்பனையையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அப்புறம் எண் பெரிதாகாமல் என்ன செய்யும்?

நோயாளிகளின் எண்ணிக்கையை ஒரு மருந்தின் விலையால் பெருக்கி, அதைச் சந்தை என்று எழுதும் வழக்கமும் உண்டு. எம்.ஜி.யு.எஸ்.ஸில் அந்தக் கணக்குச் செல்லாது. ஏனென்றால் அந்த எண்ணிக்கையில் மிகப் பெரும்பாலோர் மருந்து சாப்பிடப் போவதில்லை, சாப்பிடவும் கூடாது. தேவையில்லாத ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து பக்கவிளைவை மட்டும்தான் தரும். அறிக்கை எழுதுபவருக்கு அது வாடிக்கையாளர் எண்ணிக்கை. எனக்கு அது இரவு தூக்கம் வராமல் புரளும் மனிதர்களின் எண்ணிக்கை.

ஸ்மோல்டரிங் மைலோமா என்றால் என்ன? ஏன் எல்லா நிறுவனங்களும் அங்கேயே நிற்கின்றன?

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வோமே, அந்தப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. எம் புரதம் 3 கிராமை எட்டியிருக்கும், அல்லது மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும். ஆனால் உடல் உறுப்புகளில் சேதம் இருக்காது. முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது மைலோமாவாகிறது. அடுத்த 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 சதவீதம். அதற்குப் பிறகு 1 சதவீதம். சீக்கிரம் முற்றக்கூடியவர்கள் முதல் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு சிகிச்சை கொடுத்தால், எலும்பு முறிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுக்கலாம் என்பதுதான் எண்ணம்.

இங்கே நோயும் உண்மை, தேவையும் உண்மை. அதனால்தான் ஆராய்ச்சியும் பணமும் இங்கே குவிகின்றன.

டாராட்டுமுமாப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது என்ன சாதித்தது?

பிளாஸ்மா செல்களின் மேற்பரப்பில் நிறைய இருக்கும் சி.டி.38 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி மருந்து இது. டென்மார்க்கின் ஜென்மாப் உருவாக்கியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் ‘டார்சலெக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறது. மைலோமாவுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024இல் மட்டும் இதன் உலக விற்பனை 1,100 கோடி டாலரைத் தாண்டியது.

ஸ்மோல்டரிங் நிலைக்கான முக்கிய ஆய்வின் பெயர் அக்விலா. அதிக ஆபத்துள்ள 390 பேரில் பாதிப் பேருக்கு இந்த மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுத்தார்கள். மீதிப் பேரைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். 5 ஆண்டு முடிவில், மைலோமாவாக முற்றாமல் உயிரோடிருந்தவர்கள் மருந்து பெற்ற தரப்பில் சுமார் 63 சதவீதம், கண்காணிப்புத் தரப்பில் சுமார் 41 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் என்று மட்டும் பார்த்தால் 93க்கு 87. 2024 டிசம்பரில் இது வெளியானது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும், நவம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அதிக ஆபத்துள்ள ஸ்மோல்டரிங் மைலோமாவுக்கு இதை அனுமதித்தன. இந்த நிலைக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான்.

மருந்து எடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: வயிற்றுத் தோலுக்கடியில் 15 மில்லிலிட்டரை 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துவார்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த நான்கு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 3 ஆண்டுகள். தொற்று வரும் வாய்ப்பு கூடும். இன்னொன்றை நோயாளிகள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிவப்பணுக்களிலும் கொஞ்சம் சி.டி.38 இருப்பதால், ரத்தம் ஏற்றுவதற்கு முன் செய்யும் பொருத்தப் பரிசோதனையை இந்த மருந்து குழப்பிவிடும். கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதங்கள் அந்தக் குழப்பம் நீடிக்கலாம். அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்த வகையை முழுமையாகப் பரிசோதித்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காகிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

எல்லா மருத்துவர்களும் இதை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. அமெரிக்க நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2025 மே மாதம் கூடியபோது 6 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள். எதிர்ப்புக்கு அர்த்தமுள்ள காரணங்கள் உண்டு. யாரை ‘அதிக ஆபத்து’ என்று சொல்வது என்பதில் வரையறைகள் ஒத்துப்போவதில்லை. இப்போது பரவலாகப் புழங்குவது 20-2-20 என்ற சூத்திரம்: மஜ்ஜையில் 20 சதவீதத்துக்கு மேல் பிளாஸ்மா செல்கள், 2 கிராமுக்கு மேல் எம் புரதம், 20க்கு மேல் லைட் செயின் விகிதம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அதிக ஆபத்து. ஆனால் அக்விலா தொடங்கியபோது வேறு அளவுகோலை வைத்து ஆட்களைச் சேர்த்தார்கள். 20-2-20படி பார்த்தால் அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதிக ஆபத்து வகையில் வருகிறார்கள். கண்காணிப்பிலேயே நன்றாக இருந்திருக்கக்கூடிய ஒருவருக்கு 3 வருடம் ஊசி போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

என் கருத்து இது: உண்மையாகவே அதிக ஆபத்தில் இருப்பவருக்கு இந்த அனுமதி ஒரு நல்ல செய்தி. ஆனால் ‘ஸ்மோல்டரிங்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பில் மறைந்திருக்கும் மைலோமா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சில மாத இடைவெளியில் எண்கள் ஏறுகின்றனவா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

லெனலிடோமைட் மாத்திரையும் இதற்குப் பயன்படுமா?

ஸ்பெயினில் 119 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. மைலோமா மருந்தான லெனலிடோமைடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுளும் கூடியது. 2020இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று லெனலிடோமைடைத் தனியாகக் கொடுத்து முற்றுவதைத் தள்ளிப்போட முடியும் என்று காட்டியது. ஆனாலும் ஸ்மோல்டரிங் நிலைக்கு இதற்குத் தனி அனுமதி கிடைக்கவில்லை. ரத்த அணுக்கள் குறைவது, ரத்தம் உறைவது, இரண்டாவதாக வேறு புற்றுநோய் வரும் சிறிய ஆபத்து ஆகியவை கவனிக்க வேண்டியவை.

சந்தைக் கோணத்தில் இதில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. ரெவ்லிமிட் என்ற பெயரில் வந்த மூல லெனலிடோமைட் மருந்து 2021இல் 1,200 கோடி டாலருக்கு மேல் விற்றது. 2022 முதல் அமெரிக்காவில் மற்ற நிறுவனங்கள் செய்யும் அதே மருந்தின் நகல்களான ஜெனரிக் வகைகள் அளவோடு நுழைந்தன. 2026 தொடக்கத்தில் அந்த அளவுக் கட்டுப்பாடும் முடிந்தது. டாராட்டுமுமாப்புக்கும் பயோசிமிலர்கள், அதாவது அதை ஒத்த நகல் மருந்துகள், தயாராகின்றன. தென் கொரியாவின் செல்ட்ரியான் அவற்றில் ஒன்றைப் பரிசோதித்துவருகிறது. ஆகவே மருந்து எடுப்பவர்கள் கூடினாலும் தொகை அதே வேகத்தில் கூடும் என்று சொல்ல முடியாது. நேர்கோடாக மேலே போகும் வரைபடங்களில் இந்த விலைச் சரிவைத் தேடிப் பாருங்கள்.

அப்படியானால் எம்.ஜி.யு.எஸ்.ஸில் நிஜமாகப் பணம் புழங்குவது எங்கே?

பரிசோதனைக் கூடத்தில். ஒருவர் 55 வயதில் கண்டறியப்பட்டு 85 வயது வரை வாழ்ந்தால், அந்த 30 ஆண்டுகளும் எலக்ட்ரோபோரசிஸ், லைட் செயின், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு), கால்சியம், ரத்த அணுக்கள் என்று அவருக்குத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஃப்ரீ லைட் செயின் பரிசோதனையைப் பரவலாக்கிய, இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த பைண்டிங் சைட் நிறுவனத்தை தெர்மோ ஃபிஷர் 2023 தொடக்கத்தில் வாங்கியது. விலை 225 கோடி பவுண்டு. அங்கே விற்பது மருந்தே இல்லை, அளந்து பார்க்கும் வசதி மட்டும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்து, மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வருகிறது. இன்னும் நுண்ணிய அளவு எம் புரதத்தைக்கூட அது காட்டிவிடும். அதனால் ‘உங்களுக்கும் இருக்கிறது’ என்று சொல்லப்படுபவர்கள் கூடுவார்கள். அவர்களெல்லாம் நோயாளிகள் ஆகிவிட மாட்டார்கள்.

எல்லோரும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

இப்போதைக்கு அப்படி ஒரு பரிந்துரை இல்லை. இதற்கு விடை தேடும் மிகப் பெரிய முயற்சி ஐஸ்லாந்தில் 2016இல் தொடங்கியது. அந்த நாட்டில் 40 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல், 80,000 பேருக்கு மேல், தாங்களாகவே முன்வந்து சேர்ந்தார்கள். எம் புரதம் இருப்பவர்களை மூன்று தரப்பாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு முடிவைச் சொல்லவில்லை, ஒரு தரப்புக்கு வழக்கமான கண்காணிப்பு, இன்னொன்றுக்குத் தீவிரக் கண்காணிப்பு. முன்பே தெரிந்துகொள்வது ஆயுளைக் கூட்டுகிறதா என்பதோடு, மனதைக் கெடுக்கிறதா என்பதையும் அளக்கிறார்கள். இந்தக் கேள்விக்கான பதில்தான் வரும் பத்தாண்டுகளில் சந்தையின் அளவை எந்த மருந்தையும் விட அதிகமாக மாற்றும் என்று நான் நினைக்கிறேன்.

எம்.ஜி.யு.எஸ். இருந்தும் சிகிச்சை தேவைப்படுபவர்கள் உண்டா?

உண்டு. எம் புரதம் அளவில் சிறிதாக இருந்தும் சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கலாம். இதற்கு 2012இல் எம்.ஜி.ஆர்.எஸ். என்று தனிப் பெயர் வைத்தார்கள். நரம்பில் மரத்துப்போதல், அமிலாய்டு என்ற பிசகிய புரதம் படிந்து இதயம் கெடுவது ஆகியவையும் இந்த வழியில் வருபவையே. இவர்களுக்குக் காத்திருப்பு ஆபத்து. ‘வெறும் எம்.ஜி.யு.எஸ்.தானே’ என்று விடப்பட்டு, சிறுநீரில் புரதம் போவதைப் பல மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது மனதை உலுக்கும் விஷயம். ஒரு எளிய சிறுநீர்ப் பரிசோதனை அதைத் தடுத்திருக்கும்.

அடுத்து என்ன வருகிறது?

டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைப் பிளாஸ்மா செல்களோடு கோத்துவிடும் இரட்டைப் பிடி ஆன்டிபாடிகளும், டி செல்களையே மாற்றியமைத்து உடலுக்குள் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் ஸ்மோல்டரிங் நிலையில் பரிசோதிக்கப்படுகின்றன. லின்வோசெல்டமாப் என்ற இரட்டைப் பிடி மருந்தை அதிக ஆபத்துள்ள எம்.ஜி.யு.எஸ்.ஸிலேயே முயன்று பார்க்கும் ஆய்வும் நடக்கிறது. நோயை வேரோடு களைய முடியுமா என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. நலமாக நடமாடும் ஒருவருக்குக் கடும் தொற்று வரவழைக்கும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

மஞ்சள், உணவுமுறை, மெட்ஃபார்மின்?

மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் சிறு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நார்ச்சத்து மிகுந்த தாவர உணவை 20 பேரிடம் 12 வாரம் பரிசோதித்தார்கள். எடையும் இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டன. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் இன்னும் ஆய்வில் இருக்கிறது. உடல் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் எடையைக் குறைப்பது நல்லதுதான். காப்ஸ்யூல்களுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

கண்காணிப்பில் இருக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

முதல் பரிசோதனைக்கு 6 மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பார்கள். நிலையாக இருந்தால், ஆபத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ போதும். முடிந்தவரை ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள். கூடம் மாறினால் எண் சற்று மாறும், வீணாகப் பதறுவோம். எம் புரதம், லைட் செயின், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் ஆகிய ஐந்தையும் தேதியோடு ஒரே தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். 1.1, 1.2, 1.1 என்று ஆடுவது ஏற்றம் ஆகாது. 1.1, 1.6, 2.3 என்று போனால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். விட்டுப்போகாத முதுகுவலி, காரணமில்லாத களைப்பு, சிறுநீரில் நுரை, எடை குறைதல், அடிக்கடி தொற்று, கால் மரத்துப்போதல் இருந்தாலும் உடனே போக வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.